பரவலைக் காதால் அறிதல்

தண்டையார்பேட்டையில் பார்வை மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு மாலை நேரத்தில் புள்ளியியல் கற்பித்து வருகிறேன். காற்று மாசு குறித்த அறிக்கை ஒன்றைக் கணினியில் திறந்தபோது, திரைவாசிப்பு மென்பொருள் எண்களையெல்லாம் ஒழுங்காகப் படித்துவிட்டு, வரைபடம் வந்த இடத்தில் "படம்" என்று மட்டும் சொல்லிக் கடந்துவிட்டது. மாணவர்களுக்குச் சராசரி கிடைத்தது; அதைச் சுற்றி எண்கள் எப்படிப் பரவியிருந்தன என்பது கிடைக்கவில்லை.

அந்தக் குறையை ஒலியால் நிரப்ப முடியும். திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் பேருந்துக்காகக் காத்திருந்த நிமிடங்களை ஒரு மாணவர் ஒன்பது நாள் குறித்து வைத்திருந்தார்: 5, 6, 6, 7, 7, 8, 8, 9, பிறகு கண்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நின்ற நாளில் 52. சராசரி 12 நிமிடம். ஆனால் அவர் பன்னிரண்டு நிமிடம் காத்திருந்த நாள் ஒன்றுகூட இல்லை. வரிசையின் நடுவில் நிற்கும் எண்ணான இடைநிலையோ 7. எண் பெரிதாக ஆக ஸ்வரம் உயரும்படி, எண்களை ஏறுவரிசையில் சிறு பீப் ஒலிகளாக்கி ஹெட்போனில் கேட்கச் செய்தேன். எட்டு ஒலிகள் பக்கத்துப் பக்கத்து ஸ்வரங்களில் நெருங்கி வந்தபின் ஒன்பதாவது எங்கோ உச்சியில் கீச்சிட்டது. "சார், கடைசி ஒண்ணு மட்டும் தனியாப் போயிடுச்சு" என்றார். சில பெரிய எண்கள் பரவலை ஒருபக்கமாக இழுத்துவிடும் வலப்பக்கக் கோட்டத்துக்கு நான் அதற்குமேல் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இங்கே கவனம் தேவை. காது அதிர்வெண்களின் வித்தியாசத்தை அல்ல, விகிதத்தையே கேட்கிறது. 200 ஹெர்ட்ஸிலிருந்து 300க்குப் போவது ஸட்ஜத்திலிருந்து பஞ்சமத்துக்குத் தாவுவது. 800இலிருந்து 900க்குப் போவது வெறும் ரிஷபம் வரைதான். இரண்டிலும் வித்தியாசம் அதே நூறு. ஆகவே நிமிடங்களை நேரடியாக ஹெர்ட்ஸாக மாற்றினால் பெரிய எண்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பொய் சொல்லும். நிமிடத்துக்கு ஒரு ஸ்வரஸ்தானம் (ஒரு ஸ்தாயிக்குப் பன்னிரண்டு) என்று ஏற்றினால் சம இடைவெளி சமமாகவே கேட்கும். 5 முதல் 52 வரை நான்கு ஸ்தாயிக்குள் அடங்கிவிடும்.

ஒலியின் உரப்பில் தகவலை ஏற்றவே கூடாது என்பது என் உறுதியான கருத்து, ஏனெனில் ஹெட்போனும் தெரு இரைச்சலும் அதை மாற்றிவிடும். இரண்டு பரவல்களை ஒப்பிடும்போது இரண்டுக்கும் ஒரே அளவுகோல் இருக்க வேண்டும்.

இது பார்வையற்றோருக்கு மட்டுமான ஏற்பாடும் அன்று. ஆக்சிஜன் அளவு இறங்க இறங்க ஆக்சிமீட்டரின் பீப் தாழ்வதைக் கேட்டே, அறுவை அரங்கில் மருத்துவர் திரையைப் பார்க்காமல் நிலைமையை அறிகிறார். பார்வையிழந்தபின் போர்ட்டோ ரிக்கோவைச் சேர்ந்த வானியலாளர் வாண்டா தியாஸ் மெர்செட் விண்மீன் தரவுகளை ஒலியாகக் கேட்டு ஆய்வு செய்துவருகிறார். அறிக்கை வெளியிடுவோர் வரைபடத்தோடு எண்களின் அட்டவணையையாவது இணைத்துத் தந்தால், ஒலியாக மாற்றும் வேலையை நாங்களே செய்துகொள்வோம்.

இப்போது மணலியின் காற்றிலுள்ள நுண்துகள் (PM2.5) அளவுகளை எடுத்திருக்கிறோம். மூன்று மைக்ரோகிராமுக்கு ஒரு ஸ்வரஸ்தானம். நொடிக்குப் பத்து ஒலி வீதம் 365 நாள்கள் 37 நொடிக்குள் முடிந்துவிடும். இந்தியாவில் 24 மணி நேரச் சராசரிக்கு வகுத்துள்ள வரம்பான, கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராமைச் சுருதிபோல அடியில் தொடர்ந்து ஒலிக்கவிட்டிருக்கிறோம். அதற்கு மேலே எழும் ஒவ்வொரு ஒலிக்கும் மாணவர்கள் விரல் மடக்கி எண்ணுகிறார்கள்.