அரத்தைக் கீழே வையுங்கள்

இந்த மாதத்தில் இப்படி என்னிடம் பழுதுபார்க்க வந்த துப்பாக்கிகளில் இது மூன்றாவது. 1851 கோல்ட் நேவியின் நகல்: சிலிண்டரின் ஒவ்வொரு அறையிலும் கரிமருந்தும் குண்டும் போட்டு, பின்னால் நிப்பிள் என்ற துளையுள்ள முளையில் கேப் என்ற சிறு வெடிமூடியை மாட்டிச் சுடும் பழைய பாணி ரிவால்வர். கொண்டுவந்தவர் வாங்கிய பிறகு நாலு தடவைகூடச் சுட்டிருக்க மாட்டார். "கேப் வெடிக்கலைங்க, ஸ்பிரிங் வீக்னு நினைச்சு நானே கொஞ்சம் சரிபண்ணேன்" என்றார். சரிபண்ணிய லட்சணம்: கேப்பை அடிக்கும் சுத்தியின் ஸ்பிரிங்குக்கு அடியில் தோல் துண்டு, ஆறு நிப்பிளும் அரத்தால் ராவப்பட்டிருக்கின்றன. ஸ்பிரிங்கில் ஒரு குறையும் இல்லை. நிப்பிள்கள்தான் இப்போது குப்பைக்கு.

நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: இரண்டாவது அடியில் வெடித்ததா? ஆம் என்றால் ஸ்பிரிங்கை மறந்துவிடுங்கள். கேப் நிப்பிளில் முழுசாக உட்காரவில்லை. முதல் அடியின் விசை அதை உள்ளே தள்ளுவதிலேயே போய்விட்டது; இரண்டாவது அடிதான் உண்மையான அடி. பலவீனமான ஸ்பிரிங் என்றால் இரண்டாவது அடி மட்டும் எப்படிப் பலமாகும்? இதை எத்தனை தடவை சொன்னாலும் ஆட்கள் ஸ்பிரிங்கையே பார்க்கிறார்கள். 10, 11 என்று கேப்பில் அளவுகள் உண்டு. ஒரே எண் போட்டிருந்தாலும் கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும். உங்கள் நிப்பிளுக்குப் பொருந்துவதைத் தேடி வாங்குங்கள். குழல் இலக்கைப் பார்த்திருக்க, ஒவ்வொரு கேப்பையும் மழுங்கிய மரக்குச்சியால் அழுத்தி உட்கார வையுங்கள். விரலால் வேண்டாம்.

இரண்டாவது அடியிலும் வெடிக்கவில்லையா? குழலை இலக்கிலேயே ஒரு நிமிடம் வைத்திருங்கள், தாமதமாகவும் வெடிக்கலாம். காரணம் பெரும்பாலும் எண்ணெய். போன முறை துடைத்துப் பூசிய எண்ணெய் நிப்பிள் துளையில் தேங்கியிருக்கும். அடுத்த முறை மருந்து போடுவதற்கு முன்பே ஒவ்வொரு காலி அறையிலும் ஒரு கேப் வெடித்துப் பாருங்கள். குழல் முனைக்கு எதிரே இருக்கும் புல் அசைந்தால் துளை சுத்தம்.

சிலிண்டர் சுற்றாமல் இறுகுகிறது என்பது அடுத்த புகார். கோல்ட் வகையில் குழலைச் சட்டத்தோடு பிணைக்கும் ஆப்பைச் சுத்தியலால் அடித்து இறக்கியிருப்பார்கள். குழல் பின்னுக்கு வந்து சிலிண்டரில் உரசும். கொஞ்சம் வெளியே தட்டுங்கள், தீர்ந்தது. ரெமிங்டன் ரிவால்வர்காரர்கள் சிரிக்க வேண்டாம், உங்களுக்கு ஆப்பு இல்லையே தவிர, சிலிண்டர் அச்சில் எரிந்த மருந்தின் கரி இன்னும் சீக்கிரம் அப்பும். பெட்ரோலிய எண்ணெய் கரியோடு கலந்தால் தார்தான். தேன்மெழுகும் கொழுப்பும் கலந்து பூசுங்கள்.

இதெல்லாம் எரிச்சல் தரும் கோளாறுகள். பயப்பட வேண்டியது ஒரு அறையின் நெருப்பு பக்கத்து அறைக்குத் தாவுவதற்குத்தான். குண்டை அழுத்தும்போது மெல்லிய ஈய வளையம் சீவப்பட்டு விழ வேண்டும். .36 அளவு துப்பாக்கிக்கு .375 அங்குலக் குண்டு, .44க்கு .451 அல்லது .454. வளையம் விழாவிட்டால் அந்தக் குண்டு வேண்டாம். "மேலே கிரீஸ் பூசினேனே" என்பார்கள். முதல் குண்டு வெடித்ததும் பக்கத்து அறை கிரீஸ் பாதி பறந்துவிடும். கரி இறுகாமல் இருக்கத்தான் அது உதவும். அறையின் பின்பக்கம் தளர்ந்த கேப்பும் ஆபத்துதான்.

நவீன புகையில்லா மருந்து? ஒரு சிட்டிகைகூடக் கூடாது. இதில் பேச்சே இல்லை.

அப்புறம், தயவுசெய்து காலி செய்துவிட்டுக் கொண்டுவாருங்கள். அந்த நேவியின் இரண்டு அறைகளில் மருந்தும் குண்டும் அப்படியே இருந்தன. நிப்பிளை ராவும்போதும் இருந்திருக்கும்.