குடித்தனம் என்றொரு சொல் இருக்கிறதே!

போன மாதம் ஒரு மொழிபெயர்ப்பு பிழை திருத்தத்துக்காக என்னிடம் வந்தது. பசிபிக் தீவுகளில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பையும் ஹவுஸ்ஹோல்ட் சர்வே எனப்படும் ஆய்வுகளையும் எப்படித் திட்டமிடுகிறார்கள், எப்படி நடத்துகிறார்கள் என்று சொல்லும் கையேடு. விஷயம் சுவையானது. முதல் பக்கத்தில் 'வீட்டு ஆய்வு' என்று இருந்தது. மூன்றாம் பக்கத்தில் அதுவே 'குடும்பக் கணக்கெடுப்பு' ஆனது. ஐந்தாம் பக்கத்தில் 'இல்லங்கள்'. சரி, மூன்று கை மாறியிருக்கிறது போல என்று திருத்திக்கொண்டே போனேன். பதினோராம் பக்கத்தில் இந்த வாக்கியம்:

"ஒரு குடும்பத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பங்கள் இருக்கலாம்."

பேனாவை மூடி வைத்துவிட்டு ஒரு டீ குடித்து வந்தேன். மூலத்தில் முதல் குடும்பம் ஹவுஸ்ஹோல்ட், இரண்டாவது ஃபேமிலி. இரண்டையும் ஒரே சொல்லில் போட்டால் இப்படித்தான் முட்டிக்கொள்ளும். ஏதோ ஒருமுறை நடந்த பிழை என்றால் விட்டிருப்பேன். ஐநா அறிக்கை, சுகாதாரப் படிவம், செய்தித்தாள் என்று எங்கே பார்த்தாலும் ஹவுஸ்ஹோல்ட் என்றால் குடும்பம், இல்லாவிட்டால் வீடு. கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

ஆங்கிலச் சொல்லின் பிறப்பு எளிது. 'ஹவுஸ்' வீடு, 'ஹோல்ட்' வைத்திருப்பது, பேணுவது. வீட்டை வைத்து நடத்துகிறவர்களின் கூட்டம். சொல்லின் தலையிலேயே வீடு இருப்பதால் மொழிபெயர்ப்பவர் கை அங்கேயே போய்விடுகிறது. ஆனால் கணக்கெடுப்புக்காரர்கள் இந்தச் சொல்லை ஆளும் பொருளில் கூரைக்கும் வேலையில்லை, ரத்த உறவுக்கும் வேலையில்லை. உணவுக்கும் வாழ்க்கையின் மற்ற அடிப்படைத் தேவைகளுக்கும் சேர்ந்து ஏற்பாடு செய்துகொள்கிறவர்கள் ஒரு ஹவுஸ்ஹோல்ட் என்பது ஐநா வழங்கும் இலக்கணம். இந்தியக் கணக்கெடுப்பு இன்னும் வெளிப்படையாகச் சொல்கிறது: வழக்கமாகச் சேர்ந்து வாழ்ந்து பொதுவான சமையலறையில் சாப்பிடுகிறவர்கள். நம் வாய்மொழியில் சொன்னால், ஒரே உலை.

இப்போது 'வீடு' என்ற மொழிபெயர்ப்பைத் தீவுகளுக்குக் கொண்டுபோய்ப் பார்ப்போம். சமோவாவில் ஒரு வளாகத்துக்குள் நுழைகிறீர்கள். முன்னால் நாலு பக்கமும் திறந்த பெரிய கூடம். வந்தவர்கள் உட்கார அதுதான் இடம். அதற்குப் பின்னால் படுத்துக்கொள்ளச் சின்னதாக ஒன்றோ இரண்டோ. இன்னும் பின்னால் புகை வருகிறதே, அது சமையலுக்கென்றே கட்டிய கொட்டகை. கற்களைச் சுடவைத்து, மேலே சேம்பங்கிழங்கையும் ஈரப்பலாவையும் அடுக்கி, இலையால் மூடி வேகவைக்கிறார்கள். ஃபிஜி மொழியில் சமையல் கொட்டகைக்குப் பெயர் 'வாலே நி குரோ'. வாலே என்றால் வீடு, குரோ என்றால் பானை, பானை வீடு. பப்புவா நியூ கினியின் டோக் பிசின் மொழியில் 'ஹவுஸ் குக்'. ஆக, கண்ணுக்கு மூன்று நான்கு கட்டடம் தெரியும். பானை ஒன்றுதான். 'வீட்டுக் கணக்கெடுப்பு' என்று படித்துவிட்டுப் போகிற கணக்கெடுப்பாளர் நாலு வீடு என்று எழுதினால் அவரைக் குறை சொல்ல முடியுமா?

டோங்கா தீவுநாட்டில் நடந்தது இதைவிடத் தெளிவான சாட்சி. அங்கே கடைசியாக எடுத்த கணக்கெடுப்புக்கு 2021 நவம்பர் 30 இரவு நிலவரத்தைக் கணக்காக வைத்தார்கள். மொத்தம் சுமார் ஒரு லட்சம் பேர். ஆறரை வாரம் கழித்து, 2022 ஜனவரி 15 அன்று ஹுங்கா டோங்கா எரிமலை கடலுக்கடியில் வெடித்தது. கடலடிக் கேபிள் அறுந்து நாடே உலகத்தோடு பேச முடியாமல் போனது. மாங்கோ என்ற சின்னத் தீவில் ஒரு வீடு மிச்சமில்லை. அங்கிருந்தவர்களைப் படகில் ஏற்றி வேறு தீவுக்குக் கொண்டுபோனார்கள். 'வீடு' என்று மொழிபெயர்த்தவர் கணக்குப்படி அந்தத் தீவில் இனி எண்ண ஒன்றுமில்லை. ஆனால் சேர்ந்து சமைத்துச் சேர்ந்து சாப்பிடுகிறவர்கள் அப்படியேதான் இருந்தார்கள், கூடாரத்தில்.

வீட்டை விடுங்கள், அதை ஒதுக்குவது சுலபம். என் சண்டை 'குடும்பம்' என்பதோடு.

குடும்பம் வடமொழியா, குடி என்ற வேரிலிருந்து வடமொழிக்குப் போய்த் திரும்பி வந்ததா என்ற வழக்கில் நான் நுழையப் போவதில்லை. உத்திரமேரூர்க் கல்வெட்டில் 'குடும்பு' என்று வருகிறது. அங்கே அதற்குப் பொருள் ஊர் வார்டு. வேர் எதுவானாலும் இன்று தமிழன் காதில் குடும்பம் என்றால் உறவு. அண்ணன் துபாயில் இருந்தாலும் அவன் என் குடும்பம். மேல்மாடியில் வாடகைக்கு இருந்து என் வீட்டிலேயே மூன்று வேளையும் சாப்பிடுகிற பையன் என் குடும்பம் இல்லை. கணக்கெடுப்புக்கு வேண்டியது இதற்கு நேர் தலைகீழ். துபாய் அண்ணன் வெளியே, சாப்பிடும் பையன் உள்ளே.

பசிபிக்கில் இந்தக் குழப்பம் இரண்டு மடங்கு ஆகும், ஏனென்றால் அங்கே குடும்பம் என்பது கடல் தாண்டி நீளும். நியுவே தீவில் இருப்பவர்கள் 2,000 பேருக்கும் குறைவு. நியூசிலாந்தின் 2018 கணக்கெடுப்பில் தங்களை நியுவேக்காரர் என்று சொன்னவர்கள் 30,000 பேருக்கு மேல். தீவில் ஒரு அம்மாவிடம் போய் "உங்கள் குடும்பத்தில் எத்தனை பேர்?" என்று கேட்டால், ஆக்லாந்தில் இருக்கும் மூன்று மகன்களையும் அவர்கள் பிள்ளைகளையும் விரல்விட்டு எண்ணி முடித்த பிறகுதான் தன்னிடம் வருவார். அவர் சொல்வதில் பிழையில்லை; கேள்வியில்தான் பிழை.

சமோவாவில் 'ஆயிங்கா' என்று ஒரு சொல். உறவும் நிலமும் பட்டமும் சேர்ந்த பெரிய குடும்பம். அதன் தலைவர் 'மத்தாய்'. (எழுதிப் பார்த்தால் கேரளத்துப் பெயர் போல இருக்கிறது, என்ன செய்ய.) மத்தாய் பட்டம் பெற்றவர் தலைநகர் அப்பியாவில் இருக்கலாம், நியூசிலாந்திலேகூட இருக்கலாம், அவருக்குக் கீழே பல உலைகள் தனித்தனியே கொதிக்கும். இப்போது என் கையேட்டில் ஒரு வரி: "முதலில் குடும்பத் தலைவரின் பெயரை எழுதவும்." மூலத்தில் இருந்தது ஹவுஸ்ஹோல்டின் தலைவர், அதாவது அந்த உலையில் சாப்பிடுகிறவர்கள் தங்களுக்குத் தலைவர் என்று யாரைச் சொல்கிறார்களோ அவர். அது ஒரு பாட்டியாக இருக்கலாம். தமிழைப் படித்தால் மத்தாய் பெயரை எழுதச் சொல்வதுபோல் இருக்கிறது. நாலைந்து உலைக்கு ஒரே பெயர் தலைவராக எழுதப்பட்டால், பிறகு உட்கார்ந்து யார் பிரிப்பது?

இதில் இன்னொரு அழகு. டோங்காவில் 'காயிங்கா' என்றால் உறவினர் கூட்டம். கிரிபாஸ் (Kiribati) தீவுநாட்டில் அதே சொல் உறவுக்காரர்கள் சேர்ந்திருக்கும் நிலத்தையும் குடியிருப்பையும் குறிக்கும். மாவோரியில் வீடு, ஊர். ஒரே பழஞ்சொல் ஒவ்வொரு தீவிலும் ஒவ்வொரு பக்கம் சாய்ந்திருக்கிறது. அதனால் அங்கே கணக்கெடுப்பாளர் பயிற்சியில் எந்த உள்ளூர்ச் சொல்லால் கேட்பது என்பதே பெரிய பாடமாக இருக்க வேண்டியிருக்கிறது. டோங்காவில் 'ஆப்பி' என்று தனியே ஒரு சொல் வைத்திருக்கிறார்கள்: மனை, அதில் குடியிருப்போர். உறவுக்கு ஒன்று, சேர்ந்து வாழ்வதற்கு ஒன்று. அவர்கள் பிரித்து வைத்திருப்பதை நாம் தமிழில் கொண்டுவந்து ஒரே பானையில் கொட்டுகிறோம்.

சரி, மொழிதானே, இதில் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்கலாம். ஆய்வு எப்படி நடக்கிறது என்று பாருங்கள். முதலில் ஊரைச் சிறு சிறு வட்டாரமாகப் பிரிப்பார்கள். வட்டாரத்துக்குள் எத்தனை ஹவுஸ்ஹோல்ட் என்று பட்டியல் போடுவார்கள். அந்தப் பட்டியலிலிருந்து சிலவற்றைக் குலுக்கி எடுத்து, போன வாரம் என்ன சாப்பிட்டீர்கள், எவ்வளவு மீன் பிடித்தீர்கள், யார் பணம் அனுப்பினார்கள், தேவாலயத்துக்கு எவ்வளவு கொடுத்தீர்கள் என்று டேப்லெட்டில் கேட்டு நிரப்புவார்கள். பட்டியலில் மூன்று உலை ஒரு 'குடும்பம்' என்று விழுந்தால் குலுக்கலே கோணலாகிவிடும். ஒரு உலையில் செலவான அரிசியை மூன்று உலை ஆட்களுக்கு வகுத்தால் எல்லோரும் பட்டினி கிடப்பதாகக் கணக்கு வரும்.

பங்கிட்டு உண்பதே ஒரு உலை என்று எடுத்துக்கொண்டாலும் சிக்கல்தான். டோக்கெலா தீவுகளில் 'இனாத்தி' என்று ஒரு முறை உண்டு: ஊரார் சேர்ந்து பிடித்த மீனைக் கரையில் வைத்து, ஊர் முழுக்கச் சமமாகப் பங்கு போட்டுக் கொடுப்பார்கள். அதற்காக ஊரே ஒரு ஹவுஸ்ஹோல்ட் ஆகிவிடாது. பங்கு பொது, கொதிக்கிற பானை வேறு வேறு.

அப்படியானால் 'இல்லம்'? காதுக்கு இனிமைதான். முதியோர் இல்லம், மாணவர் இல்லம், குழந்தைகள் இல்லம் எல்லாம் எங்கே போகும்? கணக்கெடுப்பில் விடுதி, சிறை, படைமுகாம் இவையெல்லாம் ஹவுஸ்ஹோல்ட் ஆய்வுக்கு வெளியே நிற்பவை. எண்ணாதே என்று ஒதுக்கிய இடத்தின் பெயரையே எண்ணுகிற இடத்துக்கு வைத்தால், 'இல்லமல்லாத இல்லங்கள்' என்று ஒரு அத்தியாயம் எழுதவேண்டி வரும்.

இவ்வளவு தேடத் தேவையே இல்லை. குடித்தனம் என்றொரு சொல் நம் வாயில் கிடக்கிறது. குடி என்றால் வாழ்கிறவர், வாழ்கிற இடம், அந்த வாழ்வு. குடிவருவது, குடிபோவது, குடிபெயர்வது எல்லாம் அதிலிருந்துதான்; கணக்கெடுப்பிலும் இந்த மூன்றைப் பற்றிய கேள்விகள் உண்டு. அதோடு 'தனம்' சேர்ந்தால், பிள்ளைத்தனம் போல, குடியாக இருக்கும் தன்மை. கல்யாணமான மகன் அதே தெருவில் வேறு அடுப்பு பற்றவைத்தால் தனிக்குடித்தனம் போய்விட்டான் என்கிறோம். குடும்பம் உடையவில்லை, குடித்தனம் இரண்டானது. பழைய சென்னையில் ஒரே வீட்டுக்குள் ஏழெட்டு அடுப்பு, ஒரு குழாய், ஒரு கழிப்பறை. அதற்கு ஒண்டுக்குடித்தனம் என்று பெயர். ஐநா வரையறுப்பதற்கு நாலு வரி எடுத்துக்கொண்டதைத் தண்ணீர்க் குடத்தோடு வரிசையில் நின்றவர்கள் ஒரே சொல்லில் வைத்திருந்தார்கள்: வீடு ஒன்று, குடித்தனம் பல.

இதற்கு எனக்கு வந்த மறுப்புகள் இரண்டு. ஒன்று, குடித்தனக்காரர் என்றால் வாடகைக்கு இருப்பவர் ஆயிற்றே என்பது. சென்னைப் பக்கம் அப்படித்தான். ஆனால் "நல்லபடியாகக் குடித்தனம் நடத்துகிறாள்" என்று சொல்லும்போது யாரும் வாடகை ஒப்பந்தத்தைக் கேட்பதில்லை. இரண்டாவது, குடித்தனம் என்றால் கணவன் மனைவி என்றாகிவிடும், தனியாளை எப்படிச் சொல்வது என்பது. இதில் கொஞ்சம் நியாயம் உண்டு. 'தனியாள் குடித்தனம்' முதல் தடவை கேட்கச் சற்று இடறும். 'ஒரு நபர் குடும்பம்' அதைவிட இடறுகிறது, அதை மட்டும் எல்லோரும் முகம் சுளிக்காமல் அச்சிடுகிறார்கள்.

பழக்கமில்லாத சொல் என்று தள்ளுகிறவர்களுக்கு ஒன்று. கணக்கெடுப்பு என்ற துறைக்கே தமிழ் மூன்று நான்கு சொற்களைப் போட்டுப் பார்த்திருக்கிறது. 'கானேசுமாரி' என்று ஒரு காலத்தில் சொன்னார்கள். பாரசீகத்தில் கானா வீடு, சுமாரி எண்ணுதல். பழைய தமிழ் பைபிளில் லூக்கா எழுதிய சுவிசேஷத்தில் அகுஸ்து ராயன் கட்டளையிட்டது 'குடிமதிப்பு'. சென்சஸ் என்ற ஆங்கிலச் சொல்லின் லத்தீன் மூலத்துக்கும் பொருள் மதிப்பிடுவதுதான், ஆகவே அது சும்மா வந்த சொல் இல்லை. இலங்கையில் இன்றும் 'குடிசன மதிப்பு', 'தொகைமதிப்பு' என்று மதிப்பைக் கைவிடாமல் எழுதுகிறார்கள். நாம்தான் குடியைக் கழற்றிப் போட்டுவிட்டு மக்கள்தொகைக்குப் போனோம். குடி என்றாலே இப்போது எல்லோருக்கும் பாட்டில் நினைவுக்கு வருகிறது, அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இன்றைய மொழிபெயர்ப்பாளர்களிடம் எனக்குள்ள குறை சொல் தெரியாதது பற்றியது இல்லை. மென்பொருள் ஒரு பட்டியல் தருகிறது. ஹவுஸ்ஹோல்டுக்கு எதிரே குடும்பம் என்று இருக்கிறது. அதைத் தட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போகிறார்கள். இந்த வாக்கியத்தை வைத்துக்கொண்டு ஒருவர் ஒரு கதவைத் தட்டப் போகிறார் என்ற நினைப்பே இல்லை. நம் ரேஷன் அட்டையைப் பாருங்கள். தனிச் சமையலறை இருக்கிறதா என்று வீட்டுக்கு வந்து பார்த்துத்தான் தருகிறார்கள். அட்டையின் பெயர் 'குடும்ப அட்டை'.

கையேட்டில் எல்லா இடத்திலும் மாற்றினேன்: கட்டடம் வருமிடத்தில் வீடு, உறவு வருமிடத்தில் குடும்பம், மற்ற இடமெல்லாம் குடித்தனம், குடித்தனத் தலைவர், குடித்தன ஆய்வு. பதினோராம் பக்கம், "ஒரு குடித்தனத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பங்கள் இருக்கலாம்" என்று ஒழுங்காக உட்கார்ந்தது. திருப்பி அனுப்பிய இரண்டாம் நாள், கையேட்டை என்னிடம் தந்த இடத்திலிருந்து ஒரு அம்மா தொலைபேசியில் கூப்பிட்டார். "சார், எல்லாம் சரி. ஆனா குடித்தனம்னா கொஞ்சம் பேச்சுவழக்கா இருக்குன்னு மேல சொல்றாங்க. அடைப்புக்குறிக்குள்ள குடும்பம்னு போட்டுடலாமா?"