வைட் ரிசீவர்: எங்கே நிற்கிறார், எதைப் பிடிக்கிறார்?

அமெரிக்கக் கால்பந்தில் வரும் ‘வைட் ரிசீவர்’ என்ற சொல்லை அப்படியே தமிழாக்கினால் ‘பரந்த பெறுநர்’ என்றுதான் வரும். பெறுநர் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது பள்ளியில் எழுதிய விடுப்பு விண்ணப்பம். ஓடிக்கொண்டே பந்தைப் பாய்ந்து பிடிப்பவருக்கு அந்தப் பெயர் ஒட்டவே ஒட்டாது.

முதலில் ‘வைட்’. இது ஆளின் உடம்பைச் சொல்வதில்லை, நிற்கும் இடத்தைச் சொல்கிறது. கிரிக்கெட்டில் மட்டையாளருக்கு எட்டாமல் விலகிப் போகும் பந்தை வைட் என்கிறோமே, அதே பொருள்தான். நடுவில் நெருக்கியடித்து நிற்கும் கூட்டத்திலிருந்து விலகி, பக்கக்கோட்டை ஒட்டி நிற்பவர் என்பதால் அவர் வைட்.

பெயர் இப்படி வந்ததற்குக் காரணம் ஒரு விதி. பந்து வைத்திருக்கும் அணியின் 11 பேரில் குறைந்தது 7 பேர், பந்து வைக்கப்பட்டிருக்கும் தொடக்கக் கோட்டில் நிற்க வேண்டும். அந்த வரிசையின் இரு முனைகளில் நிற்பவர்களும், கோட்டுக்குப் பின்னால் நிற்பவர்களும் மட்டுமே முன்னோக்கி எறியும் பந்தைப் பிடிக்கலாம். முனையில் நின்றவருக்கு அந்தக் காலத்தில் ‘எண்ட்’ என்றே பெயர். 1906இல்தான் பந்தை முன்னோக்கி எறிவது சட்டப்படி ஆனது. அதன்பின் முனையாளர்கள் மெல்ல மெல்லப் பந்து பிடிப்பவர்களாக மாறினார்கள். 1935 முதல் 1945 வரை கிரீன் பே பேக்கர்ஸ் அணிக்கு ஆடி, பந்தைப் பிடித்தே 99 டச்டவுன் (எதிரணியின் எல்லைப் பகுதிக்குள் பந்தைச் சேர்த்து எடுக்கும் புள்ளி) எடுத்த டான் ஹட்சன்கூட ஓர் ‘எண்ட்’தான். அப்புறம் முனையாளர் கூட்டத்தைவிட்டு விலகி நிற்கத் தொடங்கியபோது ‘ஸ்பிளிட் எண்ட்’ வந்தது. மறுபக்கத்தில் கோட்டுக்கு ஓரடி பின்வாங்கி நின்றவர் ‘ஃபிளாங்கர்’ ஆனார். இந்த இரண்டையும் சேர்த்து மூடும் போர்வைச் சொல்லாகத்தான் வைட் ரிசீவர் நிலைத்தது.

‘ரிசீவர்’ இன்னும் சுவையானது. இதன் வேர் லத்தீன் மொழியின் ‘கபேரே’. பற்று, பிடி என்று பொருள். ஆங்கிலத்தின் ‘கேட்ச்’ என்ற சொல்லும் சுற்றிவளைத்து அதே வேரிலிருந்து வந்ததுதான். ஆக, ரிசீவரும் கேட்சும் ஒரே குடும்பம். தமிழில் ‘பெறு’வைத் தள்ளிவைத்துவிட்டு ‘பிடி’யை எடுத்துக்கொள்ள இதைவிட நல்ல காரணம் வேண்டாம். இலங்கைத் தமிழ் விளையாட்டுச் செய்திகளில் ‘பிடியெடுப்பு’ ஏற்கெனவே புழங்குகிறது. எனவே பொதுவாகப் ‘பிடிப்பாளர்’, கோட்டோரம் நின்றால் ‘ஓரப் பிடிப்பாளர்’. ஓரத்துக்கும் நடுக்கூட்டத்துக்கும் இடையிலுள்ள சந்தில் நிற்பவரை ‘ஸ்லாட்’ என்பார்கள். அவர் ‘இடைப் பிடிப்பாளர்’.

ஓரமா இடையா என்ற இந்த வேறுபாடு வெறும் சொல்லாராய்ச்சி இல்லை. கல்லூரி வீரர்களை எடைபோடும் இடத்தில் கோடிக்கணக்கான டாலர் இதில் தொங்குகிறது.

ஜஸ்டின் ஜெஃபர்சனை எடுத்துக்கொள்வோம். 2019இல் எல்எஸ்யூ (லூசியானா மாநிலப் பல்கலைக்கழகம்) அணிக்காக 111 பந்துகளைப் பிடித்து 1,540 கெஜம் சேர்த்தார். ஆனால் அந்தப் பருவத்தில் பெரும்பாலும் அவர் நின்றது இடையில். கோட்டில் நிற்கும் ஓரப் பிடிப்பாளரைப் பந்து நகர்ந்த நொடியிலேயே தடுப்பாளர் மார்பில் கைவைத்து மறிக்கலாம். இடையில், அதுவும் ஓரடி பின்னால் நிற்பவருக்கு அந்தத் தொல்லை குறைவு. ‘ஓரத்தில் நிறுத்தினால் தாங்குவாரா?’ என்ற கேள்வி அவரைச் சுற்றி எழுந்தது. தொழில்முறை அணிகள் கல்லூரி வீரர்களை முறைவைத்து எடுக்கும் 2020 தேர்வில் ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் 21ஆவது இடத்தில் ஜேலன் ரேகரை எடுத்தது. அடுத்த இடத்திலேயே மினசோட்டா வைக்கிங்ஸ் ஜெஃபர்சனை எடுத்தது. முதல் ஆண்டிலேயே அவர் 1,400 கெஜம். 2022இல் 1,809 கெஜத்துடன் லீகிலேயே முதலிடம். ரேகர் அந்த உயரத்தின் பக்கத்தில்கூட வரவில்லை. ‘வைட்’ என்ற பெயரை அளவுக்கு மீறி நம்பினால் இப்படித்தான் ஆகும்.

இந்தத் தேர்வுக்குப் பெயர் ‘டிராஃப்ட்’. இழு என்ற பொருளுள்ள பழஞ்சொல்லிலிருந்து வந்து, படைக்கு ஆளிழுப்பதைக் குறித்து, விளையாட்டுக்குள் புகுந்தது. இந்த அணிகள் ஆடும் தொழில்முறை லீகான என்எஃப்எல்லின் முதல் டிராஃப்ட் 1936இல் ஃபிலடெல்ஃபியாவில் நடந்தது. இதைச் சிலர் ‘வரைவு’ என்று எழுதுகிறார்கள். அது சட்ட வரைவுக்குத்தான் சரி. (சங்க இலக்கியத்தில் வரைவு என்றால் திருமணம், அந்த வகையில் பார்த்தால் முழுத் தவறும் இல்லை.) என் தேர்வு ‘ஆளெடுப்பு’. ‘அந்தக் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள்’ என்று நாம் தினமும் சொல்வதுதானே?

எடுக்கப்படக் காத்திருக்கும் கல்லூரி வீரர் ‘பிராஸ்பெக்ட்’. முன்னோக்கிப் பார்ப்பது என்ற பொருளுள்ள லத்தீன் சொல்லின் வழி வந்தது. ‘வருங்கால வீரர்’ என்றால் வருவது உறுதி என்றாகிவிடும். இதில் உறுதியே கிடையாது. ‘நம்பிக்கை வீரர்’ பொருந்தும். ஆனால் நம் பேச்சில் இதற்கு மிக நெருங்கிய சொல் ‘வரன்’. வயது, உயரம், எடை, குணம், பழைய கதை எல்லாம் விசாரித்து, கடைசியில் ஒரு துணிச்சலில் முடிவெடுப்பது இரண்டுக்கும் பொது.

விசாரணை நடக்கும் இடம் ‘காம்பைன்’. தனித்தனியாக நடந்த முகாம்களை 1985இல் ஒன்றாக இணைத்ததால் வந்த பெயர்; 1987 முதல் இண்டியானாபோலிஸில் நடக்கிறது. அங்கே ‘ஹேண்ட் சைஸ்’ என்று ஓர் அளவு எடுப்பார்கள். விரல்களை நன்றாக விரித்து, கட்டைவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனி வரை. அதற்கு நம்மிடம் புதுச்சொல் எதற்கு? அது சாண். நம் கணக்கில் ஒரு சாண் சுமார் 9 அங்குலம். பிடிப்பாளர்களின் அளவும் பெரும்பாலும் 9, 10 அங்குலத்தை ஒட்டித்தான் வரும்.

அதைவிடப் பெரிய பேச்சு 40 கெஜ ஓட்டம். 2017இல் ஜான் ராஸ் 4.22 நொடியில் ஓடினார். சின்சினாட்டி பெங்கால்ஸ் அவரை 9ஆவதாக எடுத்தது, பெரிதாகச் சோபிக்கவில்லை. அதே ஆண்டில் 4.62 நொடி ஓடிய கூப்பர் கப்பை லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் 69ஆவதாக எடுத்தது. 2021இல் அவர் 145 பிடிப்பு, 1,947 கெஜம், 16 டச்டவுன் என்று மூன்று பட்டியலிலும் முதலிடம் பிடித்து, லீகின் இறுதிப்போட்டியான சூப்பர் பவுலின் சிறந்த வீரரும் ஆனார். நேர்கோட்டு வேகம் உதவும், மறுக்கவில்லை. ஆனால் தடுப்பாளரை ஏமாற்றி இடைவெளி உண்டாக்குவதுதான் தொழில். ‘செபரேஷன்’ என்று அவர்கள் சொல்வதும் இந்த இடைவெளியைத்தான்.

ஒளிப்பதிவைப் பார்ப்பவர்கள் கவனிக்கும் இன்னொரு சின்ன விஷயம், கால். கல்லூரி ஆட்டத்தில் பந்தைப் பிடிக்கும்போது ஒரு கால் கோட்டுக்குள் பட்டால் போதும். என்எஃப்எல்லில் இரண்டு காலும் பட வேண்டும். ஆகவே பக்கக்கோட்டோரம் உடம்பு வெளியே சாய்ந்து விழும்போதும், தேவையே இல்லாத இரண்டாவது கால்விரலை உள்ளே இழுத்து வைக்கும் மாணவனைக் கண்டால் தேர்வாளர் அந்த இடத்தைத் திருப்பிப் போட்டுப் பார்ப்பார். கல்லூரிப் புள்ளிவிவரத்தில் அந்தக் காலுக்கு மதிப்பெண் கிடையாது.

எழுதும்போது, பிடிப்பாளர் ஓடும் வழியான ‘ரூட்’டை ஓட்டத்தடம் என்றும், ‘ஸ்கவுட்’டைத் தேர்வாளர் என்றும் சொல்லலாம். ‘டச்டவுன்’, ‘காம்பைன்’ இரண்டையும் மாற்ற வேண்டியதில்லை. முதலாவது எல்லாருக்கும் புரிகிறது. இரண்டாவது கிட்டத்தட்ட ஒரு நிகழ்ச்சியின் பெயர்.