விண்டோஸ் 10 முடிஞ்சு போச்சு சரி, அதுக்காக கம்ப்யூட்டர தூக்கி போடணுமா?

2025 அக்டோபர் 14-க்கு அப்புறம் சர்வீஸுக்கு வர்றவங்கள ரெண்டு ரகமா பிரிச்சிடலாம். விண்டோஸ் 10 முடிஞ்சிருச்சாம், சிஸ்டம் இனிமே ஆன் ஆகாதாம், புதுசு வாங்கணுமாம்னு பதறிப்போய், தவணைக்கு எல்லாம் விசாரிச்சுட்டு வர்றவங்க ஒரு ரகம். இன்னொரு ரகம், அடப் போங்கண்ணே, விண்டோஸ் 7-ஐயே நான் போன வருஷம் வரைக்கும் ஓட்டினேன், என்ன ஆயிடுச்சு இப்போன்னு சிரிக்கிறவங்க. மதுரையில ஹார்டுவேர் சர்வீஸ் பண்றேன், ரெண்டு ரகத்துக்கும் கவுன்டர்ல நின்னுக்கிட்டே தினம் சொல்றத இங்க ஒரே இடத்துல எழுதி வச்சிடலாம்னு பார்க்கிறேன்.

முதல்ல, சிஸ்டம் நிக்காது. இப்போ ஓடுற மாதிரியே ஓடும். நின்னது என்னன்னா மாசா மாசம் மைக்ரோசாஃப்ட் இலவசமா குடுத்துட்டு இருந்த செக்யூரிட்டி அப்டேட். விண்டோஸ்ல ஓட்டை எதுவும் புதுசா கண்டுபிடிச்சா அத அடைக்கிறது தான் அந்த அப்டேட்டோட வேலை, இனிமே கண்டுபிடிக்கிற ஓட்டை எல்லாம் உங்க சிஸ்டத்துல தொறந்தே கெடக்கும். ஆன்டிவைரஸ் இருக்கே போதாதான்னு கேப்பாங்க. விண்டோஸோடயே வர்ற ஆன்டிவைரஸான டிஃபென்டருக்கு 2028 வரைக்கும் அப்டேட் வரும்னு மைக்ரோசாஃப்டே சொல்லியிருக்கு, ஆனா அது வர்ற வைரஸ அடையாளம் கண்டுபிடிக்கத்தான், விண்டோஸ்லயே இருக்கிற ஓட்டைய அதால அடைக்க முடியாது.

ஒன்னும் ஆகாதுன்னு சிரிக்கிறவங்களுக்கு நான் சொல்றது 2017 மே மாசம் வந்த வான்னாக்ரை கதைய, விண்டோஸ்ல இருந்த ஒரு ஓட்டை வழியா வந்து ஃபைல எல்லாம் பூட்டிட்டு காசு கேட்ட வைரஸ் அது. அதுக்கு நீங்க எந்த லிங்க்கையும் க்ளிக் பண்ண வேண்டியதே இல்ல, நெட்வொர்க்ல ஒரு சிஸ்டத்துக்கு வந்துச்சுன்னா பக்கத்து சிஸ்டத்துக்கு அதுவே தாவிடும், இங்கிலாந்துல ஆஸ்பத்திரியே ஆபரேஷன தள்ளிப்போடுற நிலைமை வந்துச்சு, நம்ம பக்கத்துல ஆந்திரா போலீஸ் கம்ப்யூட்டர்கள் கூட மாட்டுச்சு. இதுல கொடுமை என்னன்னா அந்த ஓட்டைக்கு மார்ச் மாசமே அப்டேட் வந்திருச்சு. மாட்டுனதுல பெரும்பாலானது விண்டோஸ் 7, அப்போ அதுக்கு சப்போர்ட்டும் இருந்துச்சு, அப்டேட்ட போடாம விட்டதால மாட்டுனாங்க. அதனால எனக்கு ஒன்னும் ஆகலையேங்கிறது இதுவரைக்கும் ஆகலங்கிறது மட்டும் தான்.

சரி, பதறி வர்றவங்களுக்கு வருவோம். உடனே புதுசு வாங்க வேண்டியதில்ல. வீட்டு சிஸ்டத்துக்கு 2026 அக்டோபர் 13 வரைக்கும் செக்யூரிட்டி அப்டேட் வாங்கிக்க ஒரு வழி வச்சிருக்காங்க. 30 டாலர் கட்டலாம், இல்லன்னா மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்ல லாகின் பண்ணி செட்டிங்ஸ் பேக்கப்ப ஆன் பண்ணினா காசே வேணாம். விண்டோஸ் 10-ல கடைசி வெர்ஷனான 22எச்2 இருக்கணும், செட்டிங்ஸ்ல விண்டோஸ் அப்டேட் பக்கம் போனா சேர்றதுக்கு லிங்க் இருக்கும், அவ்ளோதான். இத ஏன் எந்த விளம்பரத்துலயும் பெருசா போடலன்னு நீங்களே யோசிச்சுக்கோங்க. ஒரு விஷயம் மட்டும் கவனம், அந்த பேக்கப்ப ஆன் பண்றப்போ டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ் எல்லாத்தையும் மைக்ரோசாஃப்ட்டோட ஆன்லைன் ஸ்டோரேஜான ஒன்டிரைவுக்கு ஏத்தட்டுமான்னு கேக்கும், இலவசமா குடுக்குறது 5 ஜிபி, நம்ம ஆளுங்க டெஸ்க்டாப்லயே 40 ஜிபி கல்யாண வீடியோ வச்சிருப்பாங்க, ரெண்டாவது நாளே இடம் பத்தல காசு கட்டுன்னு நச்சரிக்க ஆரம்பிச்சிடும். ஃபோல்டர எல்லாம் ஆஃப் பண்ணிட்டு செட்டிங்ஸ் மட்டும் விட்டா போதும்.

அடுத்தது விண்டோஸ் 11 உங்க சிஸ்டத்துல ஏறுமான்னு பாக்குறது. மைக்ரோசாஃப்ட்டோட பிசி ஹெல்த் செக்ங்கிற சாஃப்ட்வேர போட்டு பார்த்தா ஏறும் ஏறாதுன்னு சொல்லிடும், ஆனா அது ஏறாதுன்னு சொன்ன உடனே நம்பிடாதீங்க. பிராசஸர் இன்டெல்னா எட்டாவது ஜெனரேஷன்ல இருந்து சப்போர்ட் உண்டு, ஏஎம்டி ரைசன்னா 2000 சீரிஸ்ல இருந்து, அதுலயும் சில மாடல் லிஸ்ட்ல கிடையாது. எட்டாவது ஜெனரேஷன் அசெம்பிள்டு சிஸ்டமே, விண்டோஸ் 11 கேக்குற செக்யூரிட்டி வசதியான டிபிஎம் இல்லன்னு காட்டும், காரணம் போர்டுல அது இருக்கும், பயாஸ்ல (விண்டோஸ் வர்றதுக்கு முன்னாடியே போர்டுல இருக்கிற செட்டிங்ஸ்) ஆஃப் ஆகி கெடக்கும். இன்டெல் போர்டுன்னா பிடிடி, ஏஎம்டின்னா எஃப்டிபிஎம்னு பேரு இருக்கும், அத எனேபிள் பண்ணிட்டு அங்கயே செக்யூர் பூட்ங்கிற ஆப்ஷனையும் ஆன் பண்ணா முடிஞ்சது. பழைய ஆளு யாராவது லெகசிங்கிற பழைய பூட் மோடுல விண்டோஸ் போட்டிருந்தா மட்டும் டிஸ்க்க ஜிபிடிங்கிற புது முறைக்கு மாத்தணும், அதுக்கு விண்டோஸ்லயே டூல் இருக்கு, ஃபார்மேட் அடிக்க வேண்டியதில்ல, பேக்கப் எடுத்துட்டு பண்ணுங்க. பத்து நிமிஷ பயாஸ் வேலைக்கு புது போர்டு, புது பிராசஸர்னு பில் போட்டு வாங்கிட்டு வந்தவங்கள நான் பார்த்திருக்கேன், பேரு சொல்ல விரும்பல.

ஏழாவது ஜெனரேஷனும் அதுக்கு கீழயும் இருந்தா? பென்டிரைவ்ல அந்த செக்கிங்க பைபாஸ் பண்ணி விண்டோஸ் 11 போட்டுக் குடுக்குறவங்க நெறைய பேரு இருக்காங்க, ஓடவும் ஓடும். அப்டேட்டுக்கு மைக்ரோசாஃப்ட் பொறுப்பு இல்லங்கிறது தான் சிக்கல், பெரிய வெர்ஷன் வர்றப்போ எல்லாம் மறுபடி கையால போடணும். அதையும் விட ரொம்ப பழைய கோர் 2 டுவோ பிராசஸர் வச்சிருக்கவங்க அந்த பக்கமே போக வேணாம், விண்டோஸ் 11-ஓட 24எச்2 வெர்ஷன்ல இருந்து அந்த பிராசஸர்ல பூட்டே ஆகாது. 2015-ல மைக்ரோசாஃப்ட் ஊழியர் ஒருத்தர் மேடையில நின்னு விண்டோஸ் 10 தான் கடைசி வெர்ஷன்னு சொன்னத நம்பி ஏழாவது ஜெனரேஷன் வாங்கினவங்க நெலமைய நெனச்சா எரிச்சலா தான் வருது, அந்த மெஷின்ல டிபிஎம் 2.0 கூட இருக்கு, லிஸ்ட்ல பேரு இல்ல அவ்ளோதான்.

இப்போ இதனால ஒரு வியாபாரம் சூடு பிடிச்சிருக்கு, செகண்ட் ஹேண்ட் லேப்டாப். கம்பெனிகள்ல கழிச்சு விட்டது லோடு லோடா வருது, சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல இருந்து நம்ம ஊரு வரைக்கும் ஐ5 லேப்டாப் சார், எஸ்எஸ்டி போட்டது சார்னு விக்குறாங்க. ஐ5-ங்கிறதுக்கு தனியா ஒரு அர்த்தமும் கிடையாது, 2010-ல வந்ததும் ஐ5 தான், 2020-ல வந்ததும் ஐ5 தான். செட்டிங்ஸ்ல சிஸ்டம், அபௌட் போங்க, ஐ5 பக்கத்துல ஒரு நம்பர் இருக்கும், 7300யூ-ன்னா ஏழாவது, 8250யூ-ன்னா எட்டாவது, 1035-னு ஆரம்பிச்சா பத்தாவது. இதுல பழகினவங்களே ஏமாறுற இடம் ஒன்னு உண்டு. திங்க்பேட் டி480 வாங்கினா எட்டாவது ஜெனரேஷன்னு எல்லாரும் மனப்பாடமா வச்சிருக்காங்க, ஆனா அதே டி480 ஏழாவது ஜெனரேஷன் பிராசஸரோடயும் வந்திருக்கு. வெளிய பார்த்தா ஒரு வித்தியாசமும் தெரியாது. மாடல் பேரு, மேல ஒட்டுன ஸ்டிக்கர் எதையும் பாக்காதீங்க (ஸ்டிக்கர் தனியா கிடைக்குது), ஆன் பண்ணி நம்பர பாருங்க.

ஸ்லோவா இருக்கு அதனால மாத்தணும்னு வர்றவங்க பாதிப்பேரு சிஸ்டத்துல ஹார்டு டிஸ்க் தான் இருக்கும். அதுக்கு பதிலா வேகமான எஸ்எஸ்டி, சாட்டா வகை போட்டாலே நாலாவது ஜெனரேஷன் லேப்டாப்பே ஆள் மாறின மாதிரி ஆயிடும். இத ரொம்ப வருஷமா சொல்லிட்டு இருக்கோம், இப்போ வருத்தம் என்னன்னா ரேம், எஸ்எஸ்டி விலை ரெண்டுமே ஏறிப்போச்சு. சிப் செய்யிறவங்க எல்லாம் ஏஐ டேட்டா சென்டருக்கு விக்கப் போயிட்டாங்க, 2025 டிசம்பர்ல மைக்ரான் கம்பெனி நாம கடையில வாங்குற க்ரூஷியல் பிராண்டையே நிறுத்துறோம்னு அறிவிச்சாங்க. அதனால பழைய சிஸ்டத்துல வேலை செய்யிற ரேம் இருந்தா கழட்டி வைங்க, எக்ஸ்சேஞ்ச்ல சும்மா குடுத்துடாதீங்க.

கடைக்காரங்களுக்கு தனியா ஒன்னு சொல்லணும். மண்டி, பெயின்ட் கடை, சீட்டு கம்பெனின்னு இன்னும் ஃபாக்ஸ்ப்ரோல எழுதுன, விண்டோஸுக்கு முந்தின டாஸ் காலத்து பில்லிங் சாஃப்ட்வேர் ஓட்டுறவங்க இருக்காங்க. கறுப்பு ஸ்க்ரீன், பக்கத்துல டிவிஎஸ் டாட் மேட்ரிக்ஸ் பிரின்டர், மவுஸே தொடாம பில் போடுற பொண்ணு. அந்த சாஃப்ட்வேர் எழுதுனவர் இப்போ எங்க இருக்காருன்னே தெரியாது. இதெல்லாம் பழைய 32 பிட் வகை விண்டோஸ்ல தான் நேரடியா ஓடும், விண்டோஸ் 11-க்கு 32 பிட் எடிஷனே கிடையாது. ஆர்வக்கோளாறுல 11-க்கு மாத்திட்டு மறுநாள் காலையில கடை தொறந்து பில் போட முடியாம நிக்காதீங்க. டாஸ்பாக்ஸ் மாதிரி, டாஸ் போலவே நடிக்கிற சாஃப்ட்வேர் எதுலயாவது ஓட வைக்கலாம், பிரின்ட்டுல தான் மல்லுக்கட்டணும். என் யோசனை, அந்த சிஸ்டம அப்படியே விடுங்க, நெட் கேபிள உருவிடுங்க, வைஃபை இருந்தா அதையும் கழட்டிடுங்க. ராத்திரி கடை சாத்துறப்போ டேட்டா ஃபோல்டர பென்டிரைவ்ல காப்பி எடுங்க, அந்த பென்டிரைவ்க்கு வேற வேலை குடுக்காதீங்க. ஜிஎஸ்டி, பேங்க், மெயில் எல்லாத்துக்கும் வேற ஒரு சிஸ்டம். டிடிபி சென்டர்ல பழைய பேஜ்மேக்கர் வச்சு கல்யாண பத்திரிகை அடிக்கிறவங்களுக்கும் இதே தான், அந்த ஃபான்ட், அந்த கீபோர்டு புது சிஸ்டத்துல ஒழுங்கா வருதான்னு ஒரு வாரம் அடிச்சுப் பார்த்துட்டு பழசுல கைய வைங்க.

புதுசு வாங்கினவங்க தெரிஞ்சுக்க வேண்டியது பிட்லாக்கர், விண்டோஸ்லயே இருக்கிற டிஸ்க் பூட்டு. 24எச்2-ல இருந்து புது லேப்டாப்லயோ புதுசா ஓஎஸ் போட்டாலோ மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்ல லாகின் பண்ண உடனே டிஸ்க்க அதுவே பூட்டு போட்டுடுது, ஹோம் எடிஷன்லயும் தான். லேப்டாப் திருடு போனா நல்லது. ஆனா போர்டு மாத்தினாலோ சில சமயம் பயாஸ் அப்டேட் பண்ணாலோ நீல ஸ்க்ரீன் வந்து 48 இலக்க நம்பர் கேக்கும், அது உங்க மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்ல இருக்கும். திருமங்கலம் பக்கத்துல இருந்து போட்டோ ஸ்டூடியோ வச்சிருக்க ஒருத்தர் லேப்டாப்ப கொண்டு வந்தார், போர்டு போயி வேற போர்டு மாத்தியாச்சு, நம்பர் கேக்குது. எந்த மெயில் ஐடிங்கன்னா தெரியலன்னார். வாங்குன கடையில பையன் ஏதோ ஒரு ஐடி அங்கயே உண்டாக்கி லாகின் பண்ணிக் குடுத்திருக்கான், அந்த பையன் இப்போ அங்க வேலையில இல்ல. ரெண்டு கல்யாண ஆல்பத்தோட ஃபைல் உள்ள இருக்கு. அண்ணே ஏதாச்சும் பண்ணுங்கன்னா என்ன பண்றது, நான் மட்டுமில்ல யாராலயும் முடியாது, அந்த பூட்டோட வேலையே அது தானே. இன்னைக்கே உங்க அக்கவுன்ட்ல போயி அந்த நம்பர எடுத்து பேப்பர்ல பிரின்ட் போட்டு பீரோவுல வைங்க, லேப்டாப்லயே நோட்பேட்ல சேவ் பண்ணி வச்சவரும் ஒருத்தர் உண்டு.

கடைசியா க்ராக். விண்டோஸ் ஆக்டிவேட்டர், போட்டோஷாப் ஃப்ரீ டவுன்லோடுன்னு தேடிப்போறப்போ, ஆன்டிவைரஸ ஆஃப் பண்ணிட்டு ரன் பண்ணவும்னு எழுதியிருப்பான், நாமளும் பவ்யமா ஆஃப் பண்ணுவோம். ஸ்டாப்னு ஒரு ரேன்சம்வேர் (ஃபைல பூட்டிட்டு காசு கேக்குற வைரஸ்) குடும்பமே இப்படித்தான் பரவுச்சு. எல்லா போட்டோ, எல்லா எக்செல் பேருக்கும் பின்னாடி புதுசா நாலு எழுத்து ஒட்டிக்கும், எதுவும் தொறக்காது, ஃபோல்டருக்கு ஒரு டெக்ஸ்ட் ஃபைல், அதுல 980 டாலர், 72 மணி நேரத்துக்குள்ள பேசினா பாதி தள்ளுபடி 490 டாலர்னு நம்ம ஆடித்தள்ளுபடி கணக்கா எழுதியிருக்கும். சில பழைய வகைக்கு எம்சிசாஃப்ட்னு ஒரு கம்பெனி இலவச டூல் குடுத்துச்சு, எல்லாத்துக்கும் அது வேலை செய்யாது. கட்டுறதுக்கு முன்னாடி டிஸ்க்க கழட்டி தனியா வச்சுட்டு தெரிஞ்ச ஆள்கிட்ட காட்டுங்க. காசு இல்லன்னா க்ராக் தான் வழின்னு இல்ல, பிரவுசிங், மெயில், லெட்டர் டைப்பிங் மட்டும் தான்னா விண்டோஸுக்கு பதிலா இலவசமா கிடைக்கிற லினக்ஸ் மின்ட் போதும், நம்ம அரசு இலவச லேப்டாப் கெடக்குற வீட்ல எல்லாம் நான் அதத்தான் போட்டுக் குடுக்குறேன். டேலியும் டிஜிட்டல் சிக்னேச்சர் டோக்கனும் வேணும்னா மட்டும் லினக்ஸ் பக்கம் வந்துடாதீங்க, எனக்கு தான் போன் மேல போன் வரும்.

பழச எடைக்குப் போடப்போறவங்க டிஸ்க்க மட்டும் கழட்டிட்டுப் போடுங்க. ஃபார்மேட் பண்ணிட்டேன்னு சொல்றீங்க, நீங்க பண்றது பெரும்பாலும் குயிக் ஃபார்மேட், ரெக்கவரி சாஃப்ட்வேர் போட்டா ஆதார் ஸ்கேன், பாஸ்புக் போட்டோ எல்லாம் அப்படியே எழுந்து வரும். யூஎஸ்பி கேசிங் ஒன்னு வாங்கிப் போட்டா அதே டிஸ்க்கு பேக்கப்புக்கு ஆகும், முதல்ல கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோங்கிற சாஃப்ட்வேர் போட்டு டிஸ்க்கோட ஹெல்த் பாருங்க, மஞ்சளா காட்டுச்சுன்னா அதுல குடும்ப போட்டோ எதையும் நம்பி வைக்காதீங்க.