பாப்டெயில் பூனை: தமிழில் கூழைவால்

பாப்டெயில் என்பது ஒரே ஒரு பூனை இனத்தின் பெயர் இல்லை. பிறவியிலேயே வால் குட்டையாக உள்ள பல இனங்களுக்குப் பொதுவாக ஒட்டிக்கொண்ட பெயர். ஜப்பானிய பாப்டெயில், அமெரிக்கன் பாப்டெயில், கூரில் தீவுகளின் கூரிலியன் பாப்டெயில் என்று வரிசை நீளும். காரைக்குடியில் குட்டி விற்கிறவரிடம் “இது எந்த பாப்டெயில்?” என்று கேட்டுப் பாருங்கள். “வால் குட்டைண்ணே, அவ்வளவுதான்” என்பார்.

ஆங்கிலத்தில் ‘பாப்’ என்றால் கொத்து, குமிழ் மாதிரித் திரண்டது என்று பொருள். கழுத்தளவில் நிறுத்தும் ‘பாப் கட்’டில் இருப்பதும் அதே சொல்தான். பாப்டெயில் முதலில் பூனைக்கு வந்த பெயர் அல்ல, குதிரைக்கும் நாய்க்கும் வந்தது. வண்டிக் குதிரையின் வால் வாரில் சிக்காமலிருக்க அதை நறுக்கிவிடுவார்கள். பூனைக்கு அந்தக் கத்திரி வேலை கிடையாது, கருவிலேயே வால் அப்படித்தான் அமைகிறது. ஆகவே ‘வெட்டுவால் பூனை’ என்று தமிழில் எழுதினால் பொருள் கெட்டுவிடும்.

குட்டைவால் என்றால் தப்பில்லை. ஆனால் அதைவிட நறுக்கான சொல் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது: கூழை. குட்டையானது, கடை குறைந்தது என்று பொருள். நாட்டு மாடுகளின் பழைய பெயர்ப் பட்டியலில் ‘கூழைவாலன்’ என்றே ஒரு மாடு உண்டு. செய்யுளிலும் நாற்சீர் அடியில் கடைசிச் சீரை விட்டுவிட்டு முதல் மூன்றில் மோனை அமைந்தால் அது கூழை மோனை. வால் பக்கம் ஒன்று குறைகிறது, பாருங்கள்! வாலே இல்லாத பூனைக்கு மொட்டைவால் என்பதை ஒதுக்கி வைத்துக்கொண்டால் இரண்டும் குழம்பாது.

கூழைவால்களில் பேர் பெற்றது ஜப்பானியப் பூனை. கையை உயர்த்தி வாடிக்கையாளரை அழைக்கும் ‘மனேக்கி நேக்கோ’ பொம்மையைக் கடைக் கல்லாவில் பார்த்திருப்பீர்கள். அதைப் பெரும்பாலும் இந்தப் பூனையின் சாயலில்தான் செய்கிறார்கள். வால் சுமார் 3 அங்குலத்துக்குள் அடங்கும். உள்ளே எலும்பு வளைந்து முறுக்கியிருக்கும், மேலே முடி பூப்பந்தாக விரிந்து அதை மறைக்கும். வெள்ளை, கருப்பு, செம்மஞ்சள் மூன்றும் கலந்த பெண் பூனைக்கு அங்கே தனி மதிப்பு. துள்ளல் அதிகம், பேச்சும் அதிகம். 1968-ல் அமெரிக்காவுக்குக் கொண்டு போய் இனமாக வளர்க்கத் தொடங்கினார்கள்.

ஆனால் செட்டிநாட்டுக்கு இந்த வால் அவ்வளவு புதிதில்லை. மலாயா, சயாம், பர்மா பகுதிகளில் பூனைகளின் வால் பாதி நீளமே, நுனியில் முடிச்சு வேறு என்று 1868-லேயே டார்வின் எழுதியிருக்கிறார். கொண்டுவிற்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போன நம்மவர்கள் ரங்கூனிலும் பினாங்கிலும் பெட்டியடிக்கு (கடையில் பணப்பெட்டி வைத்து உட்காரும் இடத்துக்கு) பக்கத்தில் பார்த்ததும் அவற்றைத்தானே. எங்கள் அப்பத்தா, “அங்கெ பூனைக்கெல்லாம் வாலை முறிச்சு முடிச்சுப் போட்டாப்ல இருக்கும்” என்பார். யாரும் முறிக்கவில்லை. ஜப்பானியப் பூனைக்கும் ஆசியாவின் மற்றக் கூழைவால்கள் பலவற்றுக்கும் ‘ஹெஸ்7’ என்ற மரபணுவில் உள்ள ஒரே மாற்றம்தான் காரணம் என்று 2016-ல் வெளியான ஆய்வு சொல்கிறது.

பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் நடுவே உள்ள ஐல் ஆஃப் மேன் தீவின் மாங்க்ஸ் பூனை, மொட்டைவாலுக்குப் பேர்போனது, வேறு கதை. அதன் மரபணுவே வேறு. தாய், தகப்பன் இரண்டு பக்கமிருந்தும் அந்த மரபணு வந்த குட்டி பிறக்காமலே கருவில் போய்விடும். பிறந்தவற்றிலும் சிலவற்றுக்குத் தண்டுவடக் குறை இருக்கும்: பின்னங்கால் தடுமாறும், சிறுநீரும் மலமும் அடங்காது, அல்லது மலச்சிக்கல் வரும். நான்கு மாதம் ஆவதற்குள் இது பெரும்பாலும் தெரிந்துவிடும் என்பதால் அதற்கு முன் மாங்க்ஸ் குட்டி வாங்க வேண்டாம் என்பேன். ஜப்பானிய வகைக்கு இந்தத் தொல்லை இல்லை.

வளர்ப்பில் பெரிய ரகசியம் ஒன்றும் கிடையாது. குட்டை முடிதான் என்றால் வாரத்துக்கு ஒரு முறை சீவினால் போதும். சித்திரை வெயிலுக்கு ஆத்தங்குடிக் கல் பதித்த பட்டாலையில் (வீட்டுக் கூடத்தில்) அதுவே இடம் பிடித்துக்கொள்ளும், வளவில் (உள்முற்றத்தில்) இரண்டு இடத்தில் தண்ணீர் மட்டும் வையுங்கள். பால் ஊற்றி வளர்ப்பது பழைய வழக்கம். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்கு அது செரிக்காது, வயிற்றால் போகும். பூனைக்கு மாமிசம் வேண்டும். சைவ வீட்டில் தயிர்ச்சோறு மட்டுமே போடுவதாக இருந்தால் பூனை வளர்க்காமல் இருப்பதே நல்லது. வெறிநாய்க்கடித் தடுப்பூசி பூனைக்கும் போட வேண்டும். அப்புறம், அந்த முறுக்கு வாலை நிமிர்த்தப் பார்க்காதீர்கள், உள்ளே எலும்பு ஒட்டியிருந்தால் வலிக்கும்.

வாங்கும்போது வால் நுனியை மெல்லத் தடவிப் பாருங்கள். முடி சீராக மூடியிருந்தால் பிறவிக் கூழையாக இருக்கலாம். தழும்போ வழுக்கையோ தட்டுப்பட்டால் கதவிடுக்கில் மாட்டி அறுந்த நாட்டுப் பூனையாக இருக்க வாய்ப்பு அதிகம். அதையும் தாராளமாக வளர்க்கலாம், பாப்டெயில் விலை மட்டும் கொடுக்காதீர்கள்.