பீடி சுட்ட மாதிரி ஒரு புண்

ஜவ்வாது மலையிலிருந்து வந்த அந்த அம்மாவுக்கு அன்றோடு ஒன்பது நாள் ஜுரம். அடிவாரத்தில் ஒரு கிளினிக்கில் டைபாய்டு என்று சொல்லி ஐந்து நாள் ஊசி போட்டிருந்தார்கள். இறங்கவே இல்லை. டெங்கு டெஸ்ட்டும் நெகட்டிவ். தலைவலி மண்டையைப் பிளக்கிறது, கண் சிவந்திருக்கிறது, பிளேட்லெட் குறைந்திருக்கிறது.

"உடம்புல எங்கேயாவது புண் இருக்காம்மா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க சார்."

நர்ஸ் திரையை இழுத்துவிட்டு, பாவாடை நாடா கட்டும் இடத்தைத் தளர்த்திப் பார்த்தார். நடுவில் கறுத்த பொருக்கு, சுற்றிலும் சிவப்பு. பீடியால் சுட்ட மாதிரி.

அந்த அம்மா மறைக்கவில்லை. இந்தப் புண் பெரும்பாலும் வலிக்காது, அரிக்காது. வருவதும் அக்குள், தொடை இடுக்கு, மார்பின் கீழ், காதின் பின்புறம் என்று நம் கண்ணுக்கே படாத இடங்களில். இந்த ஜுரம் கண்ட எல்லாருக்கும் புண் வரும் என்றும் இல்லை. கூச்சத்தை மதித்து ஒருமுறை நானே முழுதாகப் பார்க்காமல் விட்டு, இரண்டு நாளை வீணாக்கியிருக்கிறேன்.

நோயின் பெயர் ஸ்க்ரப் டைபஸ். டைபாய்டு வேறு, இது வேறு. செய்தித்தாளில் உண்ணிக் காய்ச்சல் என்று போடுகிறார்கள். ஆனால் மாட்டு உண்ணி இல்லை இது. புதரிலும் புல்லிலும் இருக்கும், எலி மேல் ஒட்டும் ஒரு நுண்ணிய பூச்சியின் குஞ்சு. அது கடிக்கும்போதுதான் கிருமி உள்ளே போகிறது, கடித்த இடம்தான் அந்தப் புண். ஆனால் கடித்தது தெரியாது. ஜுரம் வருவதற்கு ஒரு வாரமோ இரண்டு வாரமோ ஆகும். அதற்குள் விறகு பொறுக்கப் போனதே மறந்துபோயிருக்கும்.

கிருமி நம் செல்லுக்குள்ளேயே புகுந்து குடியிருப்பதால் பென்சிலின் வகை ஊசிகள் அதைத் தொடாது. அந்த ஐந்து ஊசியும் வீண் போனது இதனால்தான். டாக்ஸிசைக்ளின் என்ற மலிவான மாத்திரை கொடுத்தால் பெரும்பாலும் இரண்டே நாளில் ஜுரம் விடும், கர்ப்பிணிகளுக்கு அசித்ரோமைசின். தாமதமானால் நுரையீரல், சிறுநீரகம், மூளை வரை போய்விடும். அந்தக் கட்டத்தில் இரண்டு மருந்தையும் சேர்த்து ஊசியாகக் கொடுப்பதே மேல் என்று, வேலூர் சி.எம்.சி. முன்னின்று நடத்தி 2023-ல் வெளியான ஆய்வு காட்டியது. முதல் வாரத்தில் ரத்தப் பரிசோதனை ஏமாற்றலாம். அதனால் சந்தேகம் வலுவாக இருந்தால் ரிசல்ட்டுக்காக நான் காத்திருப்பதில்லை.

இதை மலைக்காய்ச்சல் என்று சொல்வதிலும் ஒரு வம்பு இருக்கிறது. புரட்டாசி மழைக்குப் பிறகு தை வரைக்கும் இங்கே கீழே சமவெளியிலும் வரும். புதர் மண்டிய ஏரிக்கரையே போதும். முழுக்கை சட்டை போடுங்கள், துணியைப் புல்லில் உலர்த்தாதீர்கள், புதர்ப் பக்கம் போய் வந்ததும் சோப்பு போட்டுக் குளியுங்கள்.

மாத்திரை தொடங்கிய மூன்றாம் நாள் அந்த அம்மா எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தார். "பேரனுக்கு ஒட்டிக்குமா சார்?" என்றார். ஒட்டாதும்மா, ஆனால் அவனும் அதே புதருக்குத்தானே ஆடு ஓட்டுகிறான், ஜுரம் வந்தால் உடனே கூட்டி வாருங்கள் என்றேன்.