போர்ட் என்பது காற்றுப்போக்கி அல்ல, புழை

ஸ்பீக்கர் பெட்டியின் முன்னாலோ பின்னாலோ வட்டமாக ஒரு துளை இருக்கும். விரலை விட்டுப் பார்த்தால் உள்ளே நீளமாக ஒரு குழாய் தட்டுப்படும். அதுதான் போர்ட். நான் வாங்கிய ஒரு பெட்டியோடு வந்த தமிழ்க் குறிப்பேட்டில் "பின்புறத் துறைமுகத்தை அடைக்க வேண்டாம்" என்று அச்சடித்திருந்தார்கள். பெட்டிக்குள் கப்பலா வந்து நிற்கிறது? லத்தீனில் போர்ட்டுஸ் என்றால் துறைமுகம், போர்ட்டா என்றால் வாயில். இரண்டும் ஒரே வேரில் பிறந்த அக்கா தங்கை. ஸ்பீக்கருக்கு வந்தது வாயில் என்ற பொருள். துறைமுகத்தைப் பற்றி இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. படிக்கிற யாருக்கும் அது தப்பு என்று உடனே தெரிந்துவிடும்.

எனக்குக் கவலை தருவது போர்ட்டுக்குச் சொல்லப்படும் காற்றுப்போக்கி என்ற சொல். கேட்க நன்றாக இருக்கிறது, தூய தமிழாகவும் இருக்கிறது, அதனால் நம்பிவிடுகிறார்கள். புகைபோக்கி புகையை வெளியே தள்ளுவது போல இது காற்றை வெளியே தள்ளுகிறது என்று எண்ணிக்கொள்கிறார்கள். உள்ளே சேரும் சூட்டை வெளியேற்றத்தான் இந்தத் துளை என்று என்னிடம் சொன்னவர்களும் உண்டு. பெயரைக் கேட்டால் அப்படித்தானே தோன்றும்?

அக்கா மகன் வீட்டில் இதை நேரில் பார்த்தேன். ஏறக்குறைய 4 மீட்டர் நீளமுள்ள கூடம். பெட்டிகள் இரண்டையும் இரண்டு மூலைகளில் வைத்திருந்தான். எதிர்ச்சுவரை ஒட்டி சோபா. மிருதங்கக் கச்சேரி ஒன்றைப் போட்டான். வலந்தலையின், அதாவது மிருதங்கத்தின் வலப்பக்கத்தின், அடிகள் தெளிவாக விழுந்தன. தாழ்ந்த ஒலி தரும் இடப்பக்கமான தொப்பியின் அடிகளோ ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு குமுறலாக வந்தன. "மாமா, காத்து போக நாலு விரக்கடை இடம் விட்டிருக்கேனே, அப்புறம் ஏன் இப்படி இருக்கு?" என்றான். பாவம், அந்தப் பெயர் சொன்னபடிதான் அவன் செய்திருந்தான்.

போர்ட்டில் உண்மையில் நடப்பது வேறு. காலி பாட்டிலின் வாயில் ஊதினால் ஊம் என்று ஒரு சுரம் வரும். அதே வேலைதான் இங்கேயும். பெட்டிக்குள் அடைபட்ட காற்று ஸ்பிரிங் போல அமுங்கி விரிகிறது, குழாய்க்குள் இருக்கும் காற்று அந்த ஸ்பிரிங்கில் தொங்கும் எடை போல முன்னும் பின்னும் ஆடுகிறது. 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் அறிவியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் இதை ஆராய்ந்தார். அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தின் ஆல்பர்ட் துராஸ் இதை ஸ்பீக்கர் பெட்டியில் பொருத்தி 1930இல் விண்ணப்பித்து, 1932இல் காப்புரிமை பெற்றார். நமக்குக் கடம் இருக்கிறது. வித்துவான் கடத்தின் வாயை வயிற்றில் அழுத்தியும் விலக்கியும் அடிநாதத்தை மாற்றுகிறாரே, அங்கே வேலை செய்வதும் இதே காற்றுதான்.

குழாயை நீட்டினால் சுருதி இறங்கும், அகலமாக்கினால் ஏறும். ரொம்பக் குறுகலாக வைத்தால் சத்தம் கூடும்போது புஸ் புஸ் என்று மூச்சிரைக்கும். அதனால்தான் நல்ல பெட்டிகளில் வாயை நாதஸ்வர அணசு போல விரித்துவிடுகிறார்கள். 40 ஹெர்ட்ஸுக்கு, அதாவது நொடிக்கு 40 அதிர்வுக்கு, சுருதி சேர்த்த பெட்டியில் அதே 40 ஹெர்ட்ஸ் ஒலியை மட்டும் ஓடவிட்டு, ஸ்பீக்கரின் அதிரும் கூம்பில் விரலை வைத்துப் பாருங்கள். கூம்பு கிட்டத்தட்ட அசையாது. குழாய் வாயில் கையை வைத்தால் காற்று படபடக்கும். கூம்பு தள்ளுகிற காற்று வெளியேறும் வழிதான் அது என்றால், கூம்பு ஓய்ந்திருக்கும்போது காற்று எங்கிருந்து வருகிறது? அது வெளியேறும் காற்றே அல்ல, இருந்த இடத்தில் போய்வந்து ஒலிக்கும் காற்று.

அவன் வீட்டுக் குமுறலுக்குக் காரணம் மூலை. சுவரை ஒட்டி வைத்தாலே பேஸ், அதாவது தாழ்ந்த சுருதி ஒலி, 6 டெசிபல் வரை கூடும், மூலையில் இன்னும் கூடும். போர்ட் முன்னால் இருந்தாலும் இதே கதைதான், ஏனென்றால் அவ்வளவு தாழ்ந்த ஒலி எல்லாப் பக்கமும் பரவும். போதாததற்கு 4 மீட்டர் கூடம் 43 ஹெர்ட்ஸ் பக்கத்தில் தானே அதிரும், அந்த அதிர்வு சுவரோரத்தில்தான் உச்சம். இவன் சோபா அங்கேதான் கிடந்தது. பெட்டிகளை மூலையிலிருந்து இரண்டடி இழுத்தோம், சோபாவை முன்னால் நகர்த்தினோம், குழாயில் ஸ்பாஞ்சைச் சுருட்டிச் செருகினோம். "ஐயோ, காத்தை அடைக்கலாமா?" என்று பதறினான். தாராளமாக அடைக்கலாம், மூடிய பெட்டி போல ஆகிவிடும், அவ்வளவுதான். ஆழம் கொஞ்சம் குறைந்தது, தொப்பியின் அடிகள் தனித்தனியாக எழுந்தன.

சரி, தமிழில் என்னதான் சொல்வது? துளை போதாது. துளை என்றால் பலகையில் போட்ட ஓட்டை. இங்கே குழாயின் நீளம் முக்கியம். என் விடை புழை. பழைய தமிழில் புழைக்கு உள்துளை என்றும் பொருள், சிறுவாயில் என்றும் பொருள். போர்ட்டாவின் வாயிலும் பெட்டியின் குழாயும் ஒரே சொல்லில் அடங்கிவிடுகின்றன. யானையின் துதிக்கைக்குப் புழைக்கை என்று பெயர். மூக்குப்புழை, செவிப்புழை என்று இன்றும் எழுதுகிறோம். மூக்குப்புழையில் காற்று போகவும் செய்யும், வரவும் செய்யும். காற்றுப்போக்கியில் பாதிதான் இருக்கிறது. மலையாளத்தில் புழை ஆறாயிற்றே என்பார்கள். இருக்கட்டும், நாம் எழுதுவது தமிழ்.

மொழிபெயர்ப்பாளர்களிடம் எனக்குள்ள பெரிய வருத்தம், பொருளைத் தொட்டுப் பார்க்காமல் சொல்லை மட்டும் பார்ப்பது. பேஸ் என்பதை அடித்தளம் என்று எழுதுகிறவர் ஒரு பாட்டையாவது போட்டுக் கேட்டிருந்தால் அப்படி எழுதியிருப்பாரா? அதற்கு நல்ல சொல் அமையும்வரை பேஸ் என்றே இருக்கட்டும். அந்தக் குறிப்பேட்டு வரியை மட்டும் நான் இப்படி மாற்றுவேன்: "புழை பின்பக்கம் உள்ள பெட்டி இது. மூலையில் வைக்க வேண்டாம். பேஸ் குமுறினால் சுவரிலிருந்து இன்னும் விலக்குங்கள், அல்லது புழையை ஸ்பாஞ்சால் அடைத்துக் கேட்டுப் பாருங்கள்."